நம் மலையும் பிறர் திரையும்

அமெரிக்காவைப் பற்றி நம்மவர்க்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி திரைப்படத்தின் வாயிலாகத் தெரிந்ததே ஆகும். கம்பளைக்கும் கண்டிக்கும் அப்பால் அதிகம் பயணம் செய்யாத நம் கெலிஓயா வாசிகளிற் பலர், நியூயோர்க் நகரத்து வானளாவிய மாடங்களையும், டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணைகளையும், அங்குள்ள பொலிசார் கைதியிடம் பேசும் தோரணையையும் நன்கு அறிவர். நேரிற் சென்று கண்டவர் ஒருவரும் இலர். எனினும் கண்டதுபோலவே உறுதியாகப் பேசுவர். இஃது ஒரு வியப்பு.

ஆனால் இதனினும் பெரிய வியப்பு ஒன்றுண்டு. நாம் அவர்களைத் திரையிலே கண்டதைப் போலவே, அவர்களும் நம்மைத் திரையிலே கண்டிருக்கின்றார்கள். அமெரிக்கப் படத்தயாரிப்பாளர் கண்டிச் சீமைக்கு ஒருமுறையன்று, பலமுறை வந்து சென்றுள்ளனர். நம் மலையையும் ஆற்றையும் தேயிலைத் தோட்டத்தையும் படம்பிடித்து உலகெங்கும் காட்டினர். அப்படங்களிலே நாம் எப்படித் தோன்றினோம்? எந்தப் பெயரால் அழைக்கப்பட்டோம்? இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்குக்கு உரியன அல்ல. ஒரு சமூகம் தன்னைத் தானே யாரென்று எண்ணிக்கொள்கின்றது என்பதில், பிறர் அதனைப் பற்றிச் சொல்லும் கதைக்கும் பங்குண்டு. ஆதலால் வாசகர்களோடு சேர்ந்து இதனைச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

முதலிற் குறிப்பிடத்தக்கது, 1954ஆம் ஆண்டிலே பரமவுண்ட் கம்பெனியார் வெளியிட்ட 'எலிபண்ட் வோக்' என்னும் படம். இலங்கையின் தேயிலைத் தோட்டம் ஒன்றே அதன் கதைக்களம். யானைகள் தொன்றுதொட்டு நடந்துவந்த பாதையின் குறுக்கே வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவைக் கட்டிவிடுகின்றார். அவருடைய மகனை மணந்து, இங்கிலாந்திலிருந்து அப்பங்களாவுக்கு வந்து சேரும் இளம் மனைவியின் துன்பமே கதை. 1953இலே இலங்கைக்கு வந்து அவ்வேடத்தில் நடிக்கத் தொடங்கியவர் விவியன் லீ அம்மையார். அவர் நோயுற்றமையால் எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை ஏற்றார். படத்தின் இறுதியிலே யானைக்கூட்டம் பங்களாவை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் வழியே செல்கின்றது.

கதையிலே நியாயம் இல்லாமலில்லை. பிறருடைய பாதையை மறித்து வீடு கட்டியவன் ஒருநாள் அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்னும் அறம் அதில் அடங்கியிருக்கின்றது. ஆனால் அந்த நியாயம் யானைக்குக் கிடைத்ததே யொழிய, தோட்டத்திலே கொழுந்து கிள்ளியவர்க்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தை வாந்திபேதி நோய் பீடிக்கின்றது; தொழிலாளர் மடிகின்றனர். மடிந்தவர் யார், அவர் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து கங்காணியின் பின்னே நடந்துவந்தார் என்று படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பங்களாவிலே அதிகாரம் செலுத்தும் அப்புஹாமி என்னும் பணியாளனுக்குப் பெயர் உண்டு, வசனமும் உண்டு. அவ்வேடத்தைப் புனைந்தவரோ ஆபிரகாம் சோபேர் என்னும் வெளிநாட்டு நடிகர்! நம் நாட்டவர்க்குக் கிடைத்ததெல்லாம் கூடை சுமந்து வரிசையாகச் செல்லும் காட்சிதான்.

இரண்டாவது படம் இதனினும் புகழ் பெற்றது. நாவலப்பிட்டியைக் கடந்து கினிகத்தேனை வழியாகச் சென்றால் கித்துல்கலை என்னும் ஊரை அடையலாம். அங்கே களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, அதனை வெடி வைத்துத் தகர்த்துப் படமாக்கினர். அதுவே 1957இலே வெளிவந்து ஏழு ஒஸ்கார் பரிசில்களை வென்ற 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் க்வாய்'. நெறியாளர் டேவிட் லீன் ஆங்கிலேயர். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலும் வெளியிட்ட கொலம்பியா கம்பெனியும் அமெரிக்கச் சார்பினர். கெலிஓயாவுக்கு மிக அண்மையிலுள்ள பேராதனைப் பூந்தோட்டமும் அப்படத்திலே தோன்றுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல், மௌண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனையிலேயே இருந்தது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சியாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் 1942–43இல் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையைப் பற்றியது இக்கதை. ஆங்கிலேயப் போர்க்கைதிகள் பட்ட பாட்டை அது மனம் உருகக் காட்டுகின்றது. கைதிகளிலே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மெய்யே. ஆனால் அந்தப் பாதையிலே கைதிகளைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர் வேலை வாங்கப்பட்டனர்; அவர்களுள் மாண்டவர் தொகை பல பதினாயிரம். மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். சயாம் மரண ரயிற்பாதை என்று மலாயாத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பெருமூச்சோடு கூறுவது அதனையே. நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் மலாயாவுக்குச் சென்றவர்களும் ஒரே தமிழகக் கிராமங்களிலிருந்து, ஒரே பஞ்சத்தினால், ஒரே கங்காணி முறையினால் பெயர்க்கப்பட்டவர்கள். அத்தமிழ்த் தொழிலாளரை அப்படத்திலே காணோம். தமிழர் வாழும் ஒரு தீவிலே வந்து படமெடுத்தவர்கள், தமிழர் மாண்ட ஒரு பாதையின் கதையிலே தமிழரைச் சேர்க்க மறந்தனர்.

இதனை வெறும் வெள்ளையர் வஞ்சனை என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆனால் முழு உண்மை ஆகாது. அப்படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் என்னும் இருவரும் பொதுவுடைமைச் சார்பினர் என்ற ஐயத்தினால் ஹொலிவூட்டிலே விலக்கி வைக்கப்பட்டவர்கள். ஆகவே அவர்கள் பெயரைத் திரையிலே போடாது, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரரான பியர் பூலின் பெயரை மட்டும் போட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே பரிசில் அவ்விருவர் பெயருக்கும் உரியதென ஏற்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் எவருக்கு அஞ்சுகின்றனவோ அவர் பெயரையும் மறைக்கும். எவரைப் பொருட்படுத்தவில்லையோ அவர் பெயரையும் மறக்கும். மறைக்கப்பட்டவர்க்கு ஒருநாள் நீதி கிடைத்தது. மறக்கப்பட்டவர் இன்றும் காத்திருக்கின்றனர்.

நிற்க. மூன்றாவது படமே நமக்கு மிக நெருங்கியது. கெலிஓயாவிலிருந்து ஹந்தானை மலைத்தொடர் அதிக தூரத்தில் இல்லை. 1983ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் என்னும் புகழ்பெற்ற நெறியாளர் கண்டியிலே 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஒவ் டூம்' என்னும் படத்தின் பிடிப்பைத் தொடங்கினார். கதை நிகழ்வது வட இந்தியாவில். ஆனால் திரைக்கதையைப் படித்த இந்திய அரசாங்கம், அது தம் மக்களை இழிவுபடுத்துவதாகக் கருதி, மாற்றங்கள் செய்தாலன்றி இடந்தர மறுத்தது. ஆகவே படக்குழுவினர் கண்டிக்கு வந்தனர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலே மாயாபூர் என்னும் 'இந்தியக்' கிராமம் எழுந்தது. கயிற்றுப் பாலத்துக் காட்சி விக்டோரியா அணைக்கட்டின் அருகே படமாயிற்று. கிராமத்துப் பெரியவராக நம் நாட்டுச் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார நடித்தார். காளி கோயிற் பூசாரியாக, மனிதரின் இதயத்தைக் கையாற் பறித்தெடுக்கும் கொடியவனாக, பம்பாயிலிருந்து அம்ரிஷ் பூரி நடித்தார். அரண்மனை விருந்திலே உயிருள்ள பாம்பும், கண்விழி மிதக்கும் குழம்பும், குரங்கின் மூளையும் பரிமாறப்படுகின்றன!

சென்ற பாடசாலை விடுமுறையிலே நம் இல்லத்துப் பிள்ளைகளும் அயலார் பிள்ளைகளும் ஒன்றுகூடி இப்படத்தைத் தொலைக்காட்சியிலே பார்த்தனர். அயல்வீட்டு மூதாட்டி ஒருவரும் உடனிருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்த கை அவருடையது. கிராமத்துக் காட்சி வந்ததும் பையன் ஒருவன் துள்ளி எழுந்து, "அம்மாயி, இது நம்ம ஹந்தானை மலை! இந்தியான்னு பொய் சொல்றாங்க!" என்று கூவினான். அம்மூதாட்டி சொன்னது இது: "எங்களத்தான் காலம்பூரா இந்தியாக்காரங்கன்னு சொன்னாங்க. இப்ப மலையையும் சொல்லிட்டாங்களா, ஐயா?"

பிள்ளைகள் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கை ஒருவர் ஒப்பாரிக் கோச்சியிலே ஏறி இந்தியாவுக்குப் போனவர் என்பதை நாம் அறிவோம்.

இளைய வாசகர்க்கு இதனைச் சற்று விளக்கல் கடன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபரிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்பட்டது. அதன் பயனாகக் குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதங்கள் நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா நிலையங்களைத் தாண்டியே சென்றன. ஏறியவரும் வழியனுப்ப வந்தவரும் எழுப்பிய அழுகுரலால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. எஞ்சியோர் எல்லோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

இப்போது அந்த 1983ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாக இம்மலைகளிலே உழைத்தவரைப் பார்த்து, நீங்கள் இந்நாட்டவர் அல்லர் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதே மலைக்கு அமெரிக்கர் வந்து அதனை இந்தியா ஆக்கினர். அந்த 'இந்தியக்' கிராமத்தவர் திரையிலே பேசியதோ சிங்களம். தோட்டத்துத் தமிழனுக்கு இலங்கையிலும் இடமில்லை. இலங்கையிலே கட்டப்பட்ட இந்தியாவிலும் பேச வாயில்லை. படக்குழுவினர் வேலையை முடித்துக்கொண்டு சென்ற சில மாதங்களுக்குள் ஆடிக் கலவரம் மூண்டது. கொழும்பு மாத்திரமன்றிக் கண்டியும் மலைநாட்டுத் தோட்டங்களும் அத்தீயிலே வெந்தன. மறு ஆண்டு மே மாதத்திலே படம் வெளியாகி உலகெங்கும் பணம் குவித்தது. அதிலே தோன்றிய பசிய சாய்வுகளுக்குப் பின்னே என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர் அறியார்.

இன்னுமொன்று கூறவேண்டும. அப்படத்திலுள்ள கொடுமைகளைக் கண்டு அமெரிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளின் மனம் கெடுமென முறையிட்டனர். அதன் விளைவாக 1984 யூலையிலே, 13 வயதுக்குட்பட்டோர் விடயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரவகுப்பு ஒன்றை அந்நாட்டார் ஏற்படுத்தினர். தம் பிள்ளைகள் கண்டு அஞ்சுவார்களே என்று கவலைப்பட்டது நன்றே. ஆனால் இந்தியர் குரங்கின் மூளையை உண்பவர் என்று அப்பிள்ளைகள் நம்பிவிடுவார்களே என்னும் கவலைக்கு எந்தத் தரவகுப்பும் ஏற்படவில்லை. அக்காலத்திலே மேல்நாட்டுப் பள்ளிகளில் கற்ற நம்மவர் பிள்ளைகள், மதிய உணவுப் பெட்டியைத் திறக்கும்போது கேட்கவேண்டியிருந்த கேலிகளை எண்ணினால், ஒரு படத்தின் ஒரு காட்சி எத்துணை தூரம் பயணம் செய்கின்றது என்பது புலனாகும்.

பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என்பதோடு இத்தீங்கு நின்றுவிடுவதில்லை; நாம் நம்மை எவ்வாறு காண்கின்றோம் என்பதையும் அது மாற்றிவிடுகின்றது. ஒரு காலத்திலே குதிரைவீரரும் செவ்விந்தியரும் பொருதும் படங்களை நம் பிள்ளைகள் விரும்பிப் பார்த்தனர். குதிரைப்படை கொம்பூதி வரும்போது கொட்டகை அதிரக் கைதட்டினர். தம் நிலத்தை இழந்தவர் செவ்விந்தியர். பறித்தவர் குதிரையேறி வந்தவர். நாடற்றவர் என்று எழுதப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள், நாடிழந்தவர்க்கு எதிராகக் கைதட்டினர்! கதை சொல்பவன் எந்த இடத்திலே நம்மை உட்கார வைக்கின்றானோ, அந்த இடத்திலிருந்தே நாம் உலகைப் பார்க்கின்றோம். இன்றும் பொங்கலுக்குப் புத்தாடை வாங்கக் கெலிஓயாக் கடைக்குப் போகும் சிறுவன், மார்பிலே அமெரிக்க வீரனின் சின்னம் பொறித்த சட்டையையே கேட்கின்றான். அதிலே பெருங்குற்றம் காணவேண்டியதில்லை. ஆனால் அவன் விரும்பக்கூடிய வேறு சின்னம் ஒன்றை நாம் அவனுக்குக் காட்டினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்கத் திரைப்படம் நமக்குத் தந்த நன்மைகளையும் மறைத்தல் தகாது. எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், கலிபோர்னியாவிலே படக்கலை பயின்று, 1935இலே இந்தியா வந்தார். தமிழறியாத அவர் பதினைந்து ஆண்டுகள் தங்கி, எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை', 'மீரா' முதலிய தமிழ்ப் படங்களை இயக்கினார். நாடக மேடையை அப்படியே படம்பிடித்து வந்த நம்மவர்க்கு, முகத்தின் அருகே சென்று கண்ணின் நீரைக் காட்டக் காமிராவால் முடியும் என்று கற்பித்தவர்களுள் அவர் ஒருவர். அவருடைய முதற் படமாகிய 'சதி லீலாவதி' (1936), எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. அதிலே தமிழகத்து நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திலே கூலியாக உழைக்கின்றான். எம். ஜி. ஆர். முதன்முதலாகத் திரையிலே சிறுவேடத்தில் தோன்றியதும் அப்படத்திலேதான். அந்த எம். ஜி. ஆர். 1917இலே பிறந்தது நம் புகையிரதப் பாதையிலுள்ள நாவலப்பிட்டியில்.

பின்னாளிலே எம். ஜி. ஆர். தாமே இயக்கி இரட்டை வேடம் பூண்ட 'நாடோடி மன்னன்' (1958) படத்திலே ஹொலிவூட் வாட்போர்ப் படங்களின் சாயல் உண்டு. ஆயினும் அதனைப் பார்த்த தோட்டத் தொழிலாளி, அதனை அமெரிக்கர் கதையென்று எண்ணவில்லை; தன் கதையென்றே எண்ணினான். காரணம் எளிது. வாளும் குதிரையும் இரவலாயினும், பேசிய நா தமிழ் நா. ஏழையின் குறையை ஏழையின் பெயர் சொல்லிப் பேசிற்று. கடன் வாங்குவதால் ஒரு கலாசாரம் அழிந்துவிடுவதில்லை. வாங்கியதைத் தன் வாயாற் சொல்லத் தெரியாதபோதே அழிகின்றது.

காலமும் சிறிது மாறித்தான் இருக்கின்றது. 1983இலே கண்டிக்கு வந்த படக்குழுவிலே கீ ஹூய் குவான் என்னும் சிறுவன் இருந்தான். இண்டியானா ஜோன்ஸின் குட்டித் துணைவனாக நடித்தவன். வியட்நாமிலிருந்து படகிலே தப்பி, அகதி முகாமில் வாழ்ந்து, அமெரிக்கா சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை அவன். வளர்ந்த பின்னர், ஆசிய முகத்துக்கு ஏற்ற வேடங்கள் கிடையாமையால் நெடுங்காலம் நடிப்பையே கைவிட்டான். மீண்டும் வந்து, 2023 மார்ச்சிலே சிறந்த துணைநடிகருக்கான ஒஸ்கார் பரிசிலைப் பெற்றபோது, தன் பயணம் ஒரு படகிலே தொடங்கிற்று என்பதை அந்த மேடையிலே அவர் நினைவுகூர்ந்தார். அவ்விரவு அவரைத் தழுவிக்கொண்டவருள் பழைய நாயகர் ஹரிசன் போர்டும் ஒருவர். இலங்கையிலிருந்து அகதியாய்க் கனடா சென்ற தமிழ்ப் பெற்றோரின் மகள் மைத்திரேயி இராமகிருஷ்ணன், 2020 முதல் அமெரிக்கத் தொடர் ஒன்றிலே தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாகவே கதாநாயகி ஆனார். 'டர்னிங் ரெட்' (2022) என்னும் சித்திரப் படத்திலும் குரல் கொடுத்தார். வரிசையிலே பெயரின்றி நடந்தவரின் பேரப்பிள்ளைகள் பெயரோடு பேசத் தொடங்கியிருக்கின்றார்கள்.

எனினும், அவர்கள் நமக்கு இடம் தருவார்கள் என்று காத்திருப்பது மட்டும் போதாது. தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாழ்வை உலகம் அறியும்பொருட்டு ஆங்கிலத்திலும் எழுதினார். அவர் கையிலே காமிரா இல்லை, பேனாவே இருந்தது. இன்றைய மாணவரின் சட்டைப்பையிலோ காமிராவே இருக்கின்றது! ஒப்பாரிக் கோச்சியைக் கண்ணாற் கண்டவர்கள் நம் லயன்களிலும் வீடுகளிலும் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் சென்று, பிறந்த தோட்டம், பிரட்டுக்களத்து நினைவு, பிரிந்து சென்ற உறவு ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு ஹொலிவூட்டின் உத்தரவு தேவையில்லை.

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவதும் அரிதான ஒன்றன்று. பிள்ளைகளை அமெரிக்கப் படம் பார்க்கவேண்டாம் என்று தடுத்தலால் ஆவது ஒன்றுமில்லை, தடுத்தாலும் பார்ப்பர். உடனிருந்து பாருங்கள். படம் முடிந்ததும், இக்கதையிலே பெயரோடு இருந்தவர் யார், பெயரில்லாது உழைத்தவர் யார் என்று ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, திரையிலே மாத்திரமன்றி, தன் வகுப்பறையிலும், கடைவீதியிலும், தன் வீட்டு அடுப்பங்கரையிலும் பெயரில்லாது உழைப்பவரைக் காணத் தொடங்கும். ஹந்தானை மலையை எவர் எப்பெயரிட்டு அழைத்தாலும், அதன் சாய்விலே கொழுந்து கிள்ளியவரின் பெயர் அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.